மாதாவின் மகுடத்தில் நான் வைத்த கீல்

ஜீவனஹள்ளியில் என் வீடு மூன்று மாடி. சாக்கடைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த பள்ளம் அது. இதில் வீடு நிற்காது என்றார்கள். நிற்கிறது. அடுகோடியில் என் பட்டறை. தகரக் கூரை, ஒரு பழைய வெல்டிங் மெஷின், இவ்வளவுதான் முதல். பக்கத்துப் பட்டறைக்காரன் என் வாசலை மறித்து லாரி நிறுத்துவான். லாரிக்கு அடியில் குனிந்து சரக்கை வெளியே இழுத்தேன். காக்ஸ் டவுனில் எந்தத் தெருவில் நுழைந்தாலும், பழைய பங்களாவோ புது அபார்ட்மென்டோ, ஒரு ஜன்னல் கம்பியையாவது நான் வளைத்திருப்பேன். எங்கள் தெரு சிற்றாலயத்தின் கேட், மணிக்கூண்டு ஏணி, பின்பக்க ஷெட், எல்லாவற்றுக்கும் மேலாக மாதாவின் சப்பரம், எல்லாம் இந்தக் கை செய்தவை. எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல, ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில். அந்தப் படிப்புதான் இதை எழுதுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருந்தால் வந்து கேளுங்கள்.

திருப்பத்தூர்ப் பக்கத்து எங்கள் சனங்கள் பெங்களூருக்கு வருவதை 'மேலே போறது' என்பார்கள். மலை ஏறித்தானே வர வேண்டும். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு இது பெரிய நகரம். எங்கள் தெருவுக்குள் வந்து பாருங்கள், இன்றைக்கும் மலை மேல் இருக்கிற சின்ன ஊர்தான். சாயங்காலம் குளிர் இறங்கினால் ஆண்கள் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, குகை மாதிரி கட்டிய மாதா கெபிக்கு முன்னால் நிற்பார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்த அண்ணன் எந்தத் தம்பியோடு பேசுவதில்லை, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட தெருவில், போன திருவிழாவுக்கு முன்னால், எனக்கு மட்டும் தெரியாமல் ஒரு காரியம் நடந்தது.

முதலில் சப்பரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு சக்கரம் வைத்த இரும்புப் பீடம். அதன் மேல் நாலு தூண். நடுவில் மாதா சுரூபம். தூண்களுக்கு மேலே வளைவு, வளைவின் உச்சியில் தங்க வர்ணம் பூசிய மகுடம், மகுடத்தின் மேல் சிலுவை. மகுடத்தைப் பார்க்கவே பக்கத்துக் கோயில் பங்குக்காரர்கள் எல்லாம் வருவார்கள். அவ்வளவு உயரம். நான் செய்தபோது தெருவில் குறுக்கே ஓடிய ஒயர் கொஞ்சம்தான். பிறகு டி.வி. கேபிள் வந்தது, நெட் கேபிள் வந்தது. ஆளாளுக்கு இழுத்து, அறுந்ததை அறுக்காமல் விட்டு, இப்போது தெருவுக்கு மேலே கொடியில் துணி காயப்போட்டது மாதிரி தொங்குகிறது. ஆகவே பவனியின்போது ஒருவன் கவைக்கோலால் கேபிளைத் தூக்கிப் பிடிப்பான், மாதா அடியில் போவாள். இது எங்கள் தெருவின் வழக்கம். கோல் பிடிக்கிறவனுக்குத் தனி மரியாதை உண்டு. கேபிளைத்தான் தூக்க வேண்டும், மாதாவின் மகுடம் குனியக் கூடாது என்பது என் கட்சி.

போன திருவிழாவுக்கு முந்தின வருடப் பவனியில் கோல் நழுவி, சிலுவையில் கேபிள் மாட்டி அறுந்தது. என் வீட்டு மேல் மாடியில் குடியிருக்கும் ஈரோட்டுப் பையன் உட்பட நாலைந்து வீட்டில் நெட் போய்விட்டது. கம்ப்யூட்டர் வேலைக்காரர்களுக்கு நெட் போனால் மூச்சுப் போன மாதிரி. போலீஸில் புகார் கொடுத்தார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை என்பதை என் மருமகளின் போன் சொல்லியது. நான் கூடத்துக்கு வந்தால் அவள் போனைக் குப்புறக் கவிழ்ப்பாள். ஒருநாள் இரண்டு நாள் என்றால் விட்டுவிடலாம். நான் வருவதும் போன் கவிழ்வதும் பாட்டும் தாளமும் மாதிரி ஆகிவிட்டது. அவளும் என் மகனும் தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள், என் செருப்புச் சத்தம் கேட்டதும் கன்னடத்துக்கு மாறுவார்கள். எனக்கா கன்னடம் தெரியாது? அது அவர்களுக்கும் நினைவுக்கு வந்து, இங்கிலீஷுக்குத் தாவுவார்கள். அங்கேதான் எனக்குக் கதவு சாத்தியிருக்கிறது.

"இன்னாடா பேசறீங்க?" என்று மகனைக் கேட்டேன்.

"சும்னே நைனா. பட்டறை விஷயம்."

பட்டறை விஷயத்தை இங்கிலீஷில் பேசுகிற வெல்டரை நான் பார்த்ததில்லை.

பிறகு டேப். அவன் ஸ்கூட்டரின் பெட்டியில் அளவு டேப் இருந்தது. இழுத்த நிலையிலேயே பூட்டி, ரப்பர் போட்டு மடக்கி வைத்திருந்தான். அளந்ததை மறக்காமல் இருக்க நாங்கள் செய்கிற வேலை அது. நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். எந்த கேட் என்று கேட்டேன். ஃப்ரேசர் டவுனில் ஒரு கேட் என்றான். அந்த உயரத்துக்கு கேட் வைத்தால் உள்ளே யானைதான் கட்ட வேண்டும். டேப்பை இருந்த இடத்திலேயே வைத்தேன். சந்தேகத்தை உடனே கொட்டிவிட்டால் எதிராளி சுதாரித்துக்கொள்வான்.

அடுத்தது என் முட்டி. திடீரென்று தெருவில் எல்லோருக்கும் என் முட்டி மேல் அக்கறை வந்துவிட்டது. திருவிழாக் கமிட்டியின் செயலாளர் ஒருவர் இருக்கிறார், காக்ஸ் டவுனில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவர். அவர் கெபிக்கு முன்னால் என்னை நிறுத்தி வைத்துப் பேசினார்.

"மேஸ்திரி, முட்டி எப்படி இருக்குது? இந்த வருஷம் நீங்க ஸ்வல்ப ரெஸ்ட் எடுங்க. எவ்வளவு நாள்தான் நீங்களே செய்வீங்க."

"முட்டி மடங்குது, நீளுது. வேற இன்னா செய்யணும் அது?"

"அதுக்கில்ல. பசங்க பாத்துக்குவாங்க."

பசங்க பாத்துக்குவாங்க என்ற பேச்சு வந்துவிட்டால், பாதி வேலை முடிந்துவிட்டது என்று பொருள். சாயங்காலம் சிற்றாலயத்தின் பின்பக்கம் போனேன். ஷெட்டில் பூட்டு புதுசு. நான் போட்ட ஷெட், நான் செய்த கொண்டி, அதில் எனக்குச் சாவி இல்லாத பூட்டு. பழைய பூட்டு துருப்பிடித்துவிட்டதாம். ஒவ்வொரு கொடியேற்றத்துக்கும் முன்னால் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி உள்ளே போய், அந்தப் பூட்டுக்கும் சேர்த்து எண்ணெய் விடுகிறவன் நான். எனக்குத் தெரியாமல் துரு எந்த வழியாக வந்தது?

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சப்பரத்தைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார்களா? விளக்கு ஜிகினா வைத்த வண்டியை வாடகைக்குக் கொண்டுவரப் போகிறார்களா? என் மகனே அதற்கு உடந்தையா? சாப்பிடும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். கருவாட்டில் முள் எடுக்கிற மாதிரி தலையைக் குனிந்தே சாப்பிட்டான். தட்டில் இருந்தது சாம்பார்.

கடைசியில் வேளாங்கண்ணி வந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின வாரம், மகன் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் பஸ்ஸில் சீட்டுப் போட்டுக்கொண்டு வந்து நீட்டினான்.

"நைனா, அம்மா ரொம்ப நாளா கேக்குதே. போய்ட்டு வாங்க. தங்க ரூம் சொல்லியாச்சு."

"நம்ம மாதாவுக்கு வேல இருக்கிற வாரத்துல, வேற ஊரு மாதாவ பாக்க அனுப்புறான் பாரு," என்றேன் வீட்டுக்காரியிடம்.

"ரெண்டும் ஒரே மாதாதான்யா. நீ கெளம்பு," என்றாள். அவள் ஏற்கெனவே புடவை மடித்து வைத்திருந்தாள். அவள் மேலும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

கிளம்புகிற அன்று காலை பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, மாடிப்படியில் ஈரோட்டுப் பையன் பின்னாலேயே இறங்கி வந்தான். வெகுளி. இந்த வீட்டில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஆள் அவன் ஒருவன்தான்.

"ஊருக்குங்களா அங்கிள்? போன வருஷம் நான் கம்ப்ளெயின்ட் குடுத்ததுக்கு மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. இப்பதான் ஹைட்டைக் கொறைக்கறாங்களாமே, இனிமே பிரச்சனை இல்லீங்க."

"எதோட ஹைட்டு?"

அவன் முகம் மாறியது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அங்கிள்," என்று சொல்லிவிட்டு, இறங்க வந்தவன் திரும்ப மேலே ஏறிப் போய்விட்டான்.

மகன் எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கண்ணுக்கு மறையும் வரை கையாட்டினான். ஊருக்குப் போகிறவனுக்கு அவ்வளவு நேரம் கையாட்டுவது அன்பு இல்லை, காவல். தெரு முனை திரும்பியதும் ஆட்டோவை ரயில் பாலத்தோரம் நிறுத்தச் சொன்னேன்.

"இன்னாயா, எதையாவது மறந்துட்டியா?" என்றாள் வீட்டுக்காரி.

"அவங்கதான் என்ன மறந்துட்டாங்க. எறங்கு."

"சீட்டு வீணாப் போவுதேய்யா."

"போகட்டும். சப்பரம் போனா வருமா?"

பாலத்தடி டீக்கடையில் உட்கார்ந்தோம். ஒரு டீ குடித்து, இன்னொன்றும் குடித்தோம். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருடனைப் பிடிக்க வேண்டுமானால் அவன் வேலையைத் தொடங்கும் வரைக்கும் பொறுக்க வேண்டும். பொறுத்தேன். கொஞ்சம் அதிகமாகப் பொறுத்துவிட்டேன்.

நாங்கள் சிற்றாலயத்தின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது கட்டிங் மெஷின் சத்தம் நின்றிருந்தது. இரும்பு கருகிய வாடை இருந்தது. ஷெட் கதவு திறந்து கிடக்க, சப்பரம் முற்றத்தில் நின்றது. மகுடம் தரையில், ஒரு சாக்கின் மேல், சிலுவையோடு சாய்ந்து கிடந்தது. அறுத்த குழாயின் வாய் பளபளவென்று இருந்தது. மகன் கையில் மெஷின், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் செயலாளர், இளைஞர் குழுவில் நாலைந்து பேர்.

யாரும் ஓடவில்லை. ஓடியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செயலாளர்தான் முதலில் பேசினார். "மேஸ்திரி, போலீஸ்ல சொல்லிட்டாங்க. ஒரு கேபிள் இனி அறுந்தாலும் பவனிக்குப் பர்மிஷன் கெடையாதாம். உங்ககிட்ட சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க. அதான் எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணினோம்."

"எல்லாரும்னா?"

"கமிட்டி."

"அதுல இவன் யாரு?" என்று மகனைக் காட்டினேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "வேற ஒருத்தன் அறுத்தா கோணலா அறுப்பான் நைனா. நானே அறுத்தா நேரா இருக்கும்னுதான்."

அறுத்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. என் கைவேலையை அறுத்தாலும் என் பிள்ளை நேராக அறுத்திருக்கிறான். ஆனால் அறுத்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, மகுடத்தின் அடித்தண்டில், தகரத்தால் செய்த ஒரு தாமரைப் பூ இருக்கிறது. எல்லோரும் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தார்கள். நான் சுத்தியலை வாங்கி அந்தப் பூவைத் தட்டிக் கழற்றினேன். உள்ளே கீல். இரண்டு தகட்டுக்கு நடுவில் ஒரு முளை, அதற்கு மேல் ஒரு பூட்டாணி. ஆணியை உருவினேன். சாக்கின் மேல் கிடந்த மகுடம், வாசல் கதவு திரும்புகிற மாதிரி, சத்தமில்லாமல் பின்பக்கம் மடிந்தது. பூவின் இடுக்கு வழியாக வருடா வருடம் விட்ட எண்ணெய், அதனால்தான் சத்தமில்லை.

சப்பரத்தை அடுகோடிப் பட்டறையில் செய்து லாரியில் கொண்டுவந்தபோது, வழியில் இந்த ரயில் பாலம் இருந்தது. உயரம் இடிக்கும் என்று முன்கூட்டியே யோசித்து கீல் வைத்தவன் நான். பாலத்தடியில் மகுடத்தை மடித்து, இந்தப் பக்கம் வந்ததும் நிமிர்த்தி, ஆணி போட்டு, பூவை மாட்டி, வர்ணம் அடித்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தெரு மேஸ்திரி மறுநாளே இதே மாதிரி செய்து, தான் கண்டுபிடித்ததாகச் சொல்வான். தொழில் நுணுக்கத்தை மூடி வைப்பது தப்பில்லை என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? அது வேறு விஷயம். இவர்கள் கேட்கவே இல்லையே.

செயலாளர் குனிந்து கீலை ஒரு தடவை மடக்கிப் பார்த்தார். அப்போது என் வீட்டுக்காரி, பையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மடங்கும்னு எனக்குத் தெரியுமே. லாரியில நானும்தான வந்தேன்."

"அம்மா, தெரிஞ்சா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றான் மகன்.

"என்ன எவன்டா கேட்டான்? இன்னாத்துக்கு அனுப்புறீங்கன்னு நான் கேட்டா, சும்னே போய்ட்டு வாம்மான்னு பஸ் சீட்டக் குடுத்தீங்க."

ஒருவன் சிரித்துவிட்டான். செயலாளரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடியேற்றம் நெருங்கிவிட்டது, மகுடம் சாக்கில் கிடக்கிறது. வெல்டிங் மெஷினைக் கொண்டுவரச் சொன்னேன். பற்றவைத்தவன் என் மகன். என் கண்ணுக்கு இப்போது அந்த வெளிச்சம் ஆகாது. மகுடத்தை நிமிர்த்தித் தோளில் தாங்கிக்கொண்டு, இடது, வலது, கொஞ்சம் சாய்த்துக்கொள் என்று சொன்னவன் நான். அறுத்த இடத்தில் இன்றைக்கும் ஒரு வளையம் மாதிரி தழும்பு தெரியும். வர்ணம் அடித்து மறைக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். சாட்சி இருக்கட்டும்.

அப்புறம் ஒரு யோசனை மிச்சம் இருந்தது. மகுடம் குனியக் கூடாது என்பது என் கட்சி என்று சொன்னேன் அல்லவா? வெட்டுவதைவிடக் குனிவது மேல் என்று அன்றைக்கு மாற்றிக்கொண்டேன். பூட்டாணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மகுடத்தின் முன்பக்கம் ஒரு சுருள் கம்பி மாட்டினேன், இழுத்துவிட்டால் தானாக நிமிரும்படி. பின்பக்கத்தில் மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி, தூணோடு தூணாக இறக்கி, பூச்சரத்தில் மறைத்துப் பீடத்தின் பின்புறம் கொண்டுவந்தேன். கயிற்றை இழுத்தால் மகுடம் சாயும், விட்டால் எழும். கயிறு யார் கையில் என்று கேட்கவே வேண்டாம். வேறு யாரை நான் நம்புவது?

திருவிழா அன்று சாயங்காலம், ஜெபமாலை சொல்லிக்கொண்டு பவனி புறப்பட்டது. முதல் கேபிளுக்கு முன்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கவைக்கோல் பிடித்திருந்த ஆள் பழக்கத்தில் கோலைத் தூக்கினான். நான் பின்னாலிருந்து கயிற்றை இழுத்தேன். மகுடம் மெதுவாகத் தணிந்தது. சப்பரம் கேபிளைத் தாண்டியதும் விட்டேன், நிமிர்ந்தது. கேபிள் அசையவில்லை.

அந்தக் கேபிள் தொங்கியது ஒரு பால்காரர் வீட்டுக்கு நேரே. அந்த வீட்டம்மா மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மகுடம் தன் வீட்டைப் பார்த்துத்தான் தணிந்தது என்று நினைத்துக்கொண்டு, அப்படியே முழங்கால் போட்டுவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி பார்த்தாள். அவள் வாசலில் கேபிள் இல்லை. சப்பரம் நேராகப் போகப் பார்த்தது.

"எங்க வீட்டாண்ட மட்டும் ஏன் மாதா தல சாய்க்கல?" என்றாள், சப்பரத்தின் முன்னால் வந்து நின்றுகொண்டு.

"உங்க வீட்டுக்கு நெட் இல்லக்கா," என்றான் இளைஞர் குழுவில் ஒருவன்.

"நெட்டு இருந்தாதான் மாதா பாப்பாளா?"

இழுத்தேன். தணிந்தது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒரு வாசலையும் தாண்ட முடியவில்லை. கேபிள் இருக்கிற வீடு, இல்லாத வீடு, எங்கள் கோயிலுக்கே வராத கன்னடக்காரர் வீடு, எல்லா வாசலிலும் மாதா தலை சாய்த்தாள். என் கை மரத்துப்போனது. ஈரோட்டுப் பையன் மேலிருந்து போனில் படம் பிடித்தான். இனி எங்கள் தெருவில் இதுதான் வழக்கம், சந்தேகமே இல்லை.

பவனி முடிந்து பங்குச் சாமியார் மைக்கைப் பிடித்தார். அந்த அழகான புதிய ஏற்பாட்டைச் செய்த இளைஞர் குழுவுக்கும், அவர்களை வழிநடத்திய செயலாளருக்கும் நன்றி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் சப்பரத்தின் பின்னால், பூச்சரத்துக்கு அந்தப் பக்கம், கையில் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தேன். மேஸ்திரி என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அடுத்து சவுண்ட் செட்காரருக்கு நன்றி சொன்னார்.

வீட்டில் மகனைக் கேட்டேன். "ஃபாதருக்கு யார்ரா சொல்லிக் குடுத்தது?"

"நான் உங்க பேரச் சொன்னேன் நைனா. சத்தியமா. நடுவுல எவனோ விட்டுட்டான்."

அவன் கண்ணைப் பார்த்தேன். பொய் சொல்கிற கண் இல்லை. ஆனாலும் நடுவில் இருந்த அந்த எவனோ யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். செயலாளர் இப்போதெல்லாம் என் முட்டியை விசாரிப்பதில்லை. அதுவும் ஒரு தடயம்தான்.

ஆகவே இதை எழுத்திலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த கொடியேற்றத்தன்று, சாமியார் மைக்கில், தமிழில் ஒரு தடவையும் கன்னடத்தில் ஒரு தடவையும், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்: சப்பரத்தைச் செய்தவன், கீல் வைத்தவன், கயிறு பிடித்தவன், மூன்றும் ஒரே ஆள், ஜீவனஹள்ளி மேஸ்திரி. பீடத்தின் முன்பக்கம், பூச்சரம் மறைக்காத இடத்தில், என் பெயரை இரும்பில் வெட்டி வைக்க வேண்டும். வெட்டுகிற வேலையை என் மகன் செய்யட்டும், அவன் நேராக வெட்டுவான். இளைஞர் குழுவின் பெயரும் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. என் பெயருக்குக் கீழே இருக்கட்டும். அதுவரைக்கும், காற்றடித்தால் மகுடம் ஆடாமல் பிடிக்கிற அந்தப் பூட்டாணி என் சட்டைப் பையில்தான் இருக்கும்.